‘எப்போதாவது’ விழுந்த மூடி

உங்கள் விரல் மேல் ஒரு இரும்பு மூடி எத்தனை முறை விழுந்தால், ‘எப்போதாவது விழுகிறது’ என்று சொல்வீர்கள்?

ஓட்டல் விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் அக்கா, வார விடுமுறையில் நூலகத்தின் இலவச ஆங்கில வகுப்புக்குப் போகிறாள். சென்ற மாதம் ஆசிரியை கரும்பலகையில் ஒரு கோடு போட்டார். ஒரு முனையில் ‘ஒருபோதும் இல்லை’, மறுமுனையில் ‘எப்போதும்’. நடுவே ரேர்லி, அக்கேஷனலி, ஆஃபன், ஃப்ரீக்வென்ட்லி. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உலகத்தையே அந்தக் கோட்டில் காயப்போட ஆரம்பித்தாள்.

“நீங்க பாத்திரம் கழுவுறது ரேர்லிங்க,” என்றாள் கணவரிடம்.

பேருந்து ஓட்டும் அவர், “அது பாராட்டா?” என்றார்.

“அத்திபூத்த மாதிரின்னு அர்த்தம்.”

“போன வாரம்கூடக் கழுவினேனே.”

“சரி, அக்கேஷனலி, அதாவது எப்போதாவது. ஒரு படி ஏத்திவிட்டுட்டேன், சந்தோஷமா?”

சலவைக்கூடத்து நீராவி இஸ்திரி இயந்திரத்தின் மூடி தானாக விழும். கூட வேலை செய்யும் ‘விசில்’ என்பவளின் விரல் அதில்தான் நசுங்கியது. தலைவிதி என்றார்கள் சிலர். விதியாவது மண்ணாவது, தேய்ந்துபோன ஸ்பிரிங். மாற்றச் சொன்னால் மேலாளர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

பாதுகாப்பு ஆய்வாளர் அம்மா வருவதாகத் தகவல் வந்ததும் மேலாளர் அக்காவிடம் குழைந்தார். “உனக்குத்தான் இங்கிலீஷ் வருதே. மூடி பத்திக் கேட்டா அக்கேஷனலின்னு சொல்லும்மா. கௌரவமான வார்த்தை.”

“சார், அது எங்க வீட்டுக்காரர் பாத்திரம் கழுவுற வார்த்தை.”

“வேலை வேணுமா, வேணாமா?”

வேண்டும். அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை. ஆனாலும் மறுநாள் பேருந்தில் அவளைக் குடைந்தது வேறு கேள்வி: ஆஃபனா, ஃப்ரீக்வென்ட்லியா? இரண்டுக்கும் அர்த்தம் ‘அடிக்கடி’தான். முன்னது சட்டென்று வாயில் வரும். பின்னது கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. அலுவலகத்தில் அதற்கு நாற்காலி போடுவார்கள். வாய்க்குள் உருட்டி உருட்டிப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அன்று வந்த ஆய்வாளர் அம்மா ஆங்கிலத்தில்தான் கேட்டார், மூடி எவ்வளவு தடவை விழும் என்று. அக்காவின் நாக்கு தடுமாறியது. பிறகு மடை திறந்துவிட்டது.

“ஆஃபன். ஃப்ரீக்வென்ட்லி. டூ ஃப்ரீக்வென்ட்லி, மேடம்.” அளவுக்கு மீறி அடிக்கடி.

மேலாளர் சிரித்தபடி குறுக்கே வந்தார். “அக்கேஷனலின்னு சொல்ல வர்றாங்க மேடம்.”

“அப்படிச் சொல்ல நான் வரலை சார்,” என்றாள் அக்கா.

விசில் கட்டுப்போட்ட விரலை உயர்த்தினாள். “அக்கா சொன்னதுதான் எனக்கும்.”

இயந்திரத்தை அப்போதே நிறுத்தச் சொன்னார் ஆய்வாளர். ஸ்பிரிங் மாற்றியதைப் பார்க்கத் தானே திரும்ப வருவதாகவும் சொன்னார். அதனால் அக்காவின் வேலையில் கைவைக்க மேலாளருக்குத் துணிவில்லை. அன்று மதியம் பெண்கள் விரிப்புகளைக் கையால் மடித்தபடி, மேலாளரின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாக அந்தக் கோட்டில் வைத்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒன்றுகூட ரேர்லியைத் தாண்டவில்லை.

நீங்களும் எங்காவது துணி வெளுக்கப் போடுகிறவர்தானே? அடுத்த முறை ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய், அங்கே மூடி எவ்வளவு தடவை விழுகிறது என்று இஸ்திரி போடுகிறவரிடமே கேளுங்கள். மேலாளர் பதில் சொல்ல வந்தால், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.