குமார் ஸ்டூடியோவுக்கு எதிரே ஒரு மெஷின்

அன்பரசி என் கடைக்கு முதல் தடவை வந்தபோது கம்ப்யூட்டர் வாங்க வரவில்லை. செத்துப்போன ஒரு ஹார்டு டிஸ்க்கைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். செங்கல்பட்டில் எங்கள் கடை சின்னது. பிரிண்டர் ரிப்பேர், லேப்டாப் ரிப்பேர், யாராவது கேட்டால் புது மெஷின் பூட்டிக் கொடுப்பது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வெளி வேலைகளுக்குப் போய்விடுவார், கடையில் நான் உட்காருவேன். "அக்கா, இதுல ஒரு கல்யாணமே கீது. எப்படியாவது எட்த்துக் குடுங்க" என்றாள்.

மாட்டிப் பார்த்தேன். டக் டக் என்று அடித்துக்கொண்டதே தவிர எதையும் காட்டவில்லை. சென்னைக்கு அனுப்பினோம். உள்ளே தட்டு கீறிவிட்டது, ஒன்றும் வராது என்று திருப்பி அனுப்பினார்கள். அதை அவளிடம் சொன்னபோது அழவில்லை. டிஸ்க்கைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல வைத்துக்கொண்டு, "இத செஞ்சவன வுட மாட்டேன்" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

நடந்தது இதுதான். அவள் செய்யூர் பக்கத்துப் பெண். அப்பா பெஞ்சமின் மறைமலை நகரில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. காலேஜ் முடித்த கையோடு செங்கல்பட்டில் குமார் என்பவருடைய ஸ்டூடியோவில் வீடியோ எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தாள். குமாரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கேமரா அவருடையது, ஆனால் கல்யாணப் படங்களைப் பார்க்கிறமாதிரி ஆக்கியது அவள். எந்த இடத்தில் வெட்ட வேண்டும், தாலி கட்டும்போது மணப்பெண்ணைக் காட்டுவதா அவள் அம்மாவைக் காட்டுவதா என்பதெல்லாம் அவள் முடிவு. அந்தப் படங்களைப் பார்த்துத்தான் குமாருக்கு ஆர்டர் குவிந்தது.

ஆனால் மெஷினுக்குச் செலவு செய்வதென்றால் குமாருக்குக் கை வராது. அதற்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கரண்ட்டைப் பிரித்து எல்லாப் பாகங்களுக்கும் கொடுக்கிற பெட்டி, பேர் தெரியாத மட்டமான சரக்கு. அடிக்கடி மெஷின் தானாக அணைந்துவிடும். மாற்றச் சொல்லியும், எடுத்த வீடியோவை இன்னொரு டிஸ்க்கில் காப்பி வைக்கச் சொல்லியும் அவள் பல மாதம் கேட்டிருக்கிறாள். பார்க்கலாம் பார்க்கலாம் என்றே ஓட்டிவிட்டார். ஒரு நாள் எஸ்.எம்.பி.எஸ். கருகியது. போகிற போக்கில் டிஸ்க்கையும் கொன்றுவிட்டுப் போனது. கருங்குழியில் நடந்த ஒரு கல்யாணம் அதில்தான் இருந்தது. அடுத்த விசேஷத்துக்காகக் கேமரா கார்டுகளைக் குமார் ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தார்.

அந்தக் கல்யாணப் பெண்ணுடைய அம்மா செங்கம்மாள் உறவுக்காரர்களோடு ஸ்டூடியோவுக்கு வந்து நின்றபோது, குமார் அன்பரசியைக் கைகாட்டினார். தெரியாமல் அழித்துவிட்டாள் என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் செங்கம்மாள் அவள் முகத்துக்கு நேராக வந்து, "எம் பொண்ணு கல்யாணத்த அழிச்ச நீ நல்லா இருப்பியா? உன் கழுத்துல தாலி ஏறுமா?" என்று சபித்தாள். குமார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார். செத்த டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அதோடு நின்றிருந்தால்கூட பரவாயில்லை. ஊரில் இருக்கும் ஸ்டூடியோக்காரர்கள் எல்லோரிடமும், அவள் கையில் கொடுத்தால் கல்யாணமே காணாமல் போய்விடும் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார். எவரும் வேலை கொடுக்கவில்லை.

ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியில் லைன் வேலைக்குப் போனாள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் நேரே என் கடைக்கு வருவாள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சொந்தமாக ஒரு மெஷின் பூட்ட வேண்டும், எந்தப் பாகம் எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள் என்பாள். ரெடிமேடாகவே வாங்கலாமே என்றேன். வேண்டாமாம். உள்ளே இருக்கிற ஒவ்வொரு திருகும் தன் கண் பார்த்து வாங்கியதாக, தன் கையால் முடுக்கியதாக இருக்க வேண்டுமாம்.

அந்தச் சமயத்தில்தான் குமார் புது மெஷின் வாங்கி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டார். கண்ணாடிப் பெட்டி, உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற ஃபேன்கள், மாலை போட்டுக் குங்குமம் வைத்திருந்தார். அந்தப் போட்டோவை அன்பரசி தன் போனில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். எந்தப் பாகத்தைப் பற்றிப் பேசினாலும் முதலில் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். "குமாரோடது இன்னா மாடலு?" என்பாள். அதைவிட ஒரு படி மேலே வேண்டும்.

ப்ராசஸருக்கு எங்களுக்குள் சண்டையே வந்தது. குமாருடையதைவிடப் பெரிய நம்பர் போட்ட ஒன்றைக் குறி வைத்திருந்தாள். பேருக்குக் கடைசியில் எஃப் என்று எழுத்து இருக்கும், விலை கொஞ்சம் குறையும், ஆனால் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்காது. இப்போது வருகிற கேமராக்களின் வீடியோவைத் தடங்கல் இல்லாமல் ஓட்டுவதற்கு அந்த உள் கிராபிக்ஸ்தான் கைகொடுக்கும். நான் சொல்லச் சொல்ல அவள் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ படம் வெட்ட மெஷின் வாங்கறியா, குமார அடிக்க வாங்கறியா?" என்றேன்.

"அடிக்கத்தான்."

"அப்ப அடி விழற மாதிரி வாங்கு. நம்பர வெச்சிகினு யாரையும் அடிக்க முடியாது."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, நம்பர் சின்னதாக இருந்தாலும் உள் கிராபிக்ஸ் இருப்பதையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். பெரிய கிராபிக்ஸ் கார்டையும் விட்டு, சின்னதே போதும் என்றாள். மிச்சமான பணத்தை இரட்டை டிஸ்க்கில் போட்டாள். ஒன்றில் ஏறுவது அப்படியே இன்னொன்றிலும் ஏறும். அந்த விஷயத்தில் நான் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு லீவு நாளில் சென்னைக்கு, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். எல்லோரும் ப்ராசஸரில் ஆரம்பிப்பார்கள். அவள் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஆரம்பித்தாள். கடைக்காரர் ஒரு முழு பேக்கேஜ் சொல்லி, எஸ்.எம்.பி.எஸ். இலவசம் என்றார். இலவசம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அடுத்த கடைக்கு நடந்தாள். கடைசியில் கம்பெனி கேரண்டி பல வருஷம் இருக்கிற ஒன்றைத் தேடி எடுத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தாள். கேபினட், அதாவது வெளிப்பெட்டி, விளக்கு இல்லாமல் கறுப்பாக, தூக்கிக்கொண்டு போகிற அளவு சின்னதாக வேண்டும் என்றாள். அதற்குள் அடங்குகிற நீளத்தில் கிராபிக்ஸ் கார்டு கிடைக்கத்தான் மத்தியானம் வரை அலைந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கடை மேஜையில் வைத்துப் பூட்டினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. அவள் முகம் வெளுத்தது. ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது, உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக வைத்திருப்பாய், நன்றாக அழுத்து என்றேன். கழற்றி மறுபடி வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். கிளிக் என்று சத்தம் வந்தது. திரையில் வெளிச்சம் வந்த பிறகு, "குமார் கழுத்துன்னு நெனச்சி அழுத்துனேன், அக்கா" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆனால் வேலை வரவில்லை. குமாரின் பேச்சு எல்லா இடத்துக்கும் அவளுக்கு முன்னால் போயிருந்தது. வெளியூர் போட்டோகிராபர்களுக்குப் பேர் போடாமல் எடிட் செய்து கொடுத்தாள். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது.

அப்புறம் மேக்கப் வேலை செய்கிற தமிழ்ச்செல்வி ஒரு செய்தி கொண்டுவந்தாள். மாமல்லபுரம் பக்கத்தில் ஈ.சி.ஆர். மேல் ஒரு ரிசார்ட்டில் பெரிய கல்யாணம். காலையில் முகூர்த்தம், சாயங்காலம் வரவேற்பு. காலையில் எடுத்ததையே படமாக்கிச் சாயங்காலம் பெரிய திரையில் போட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு படம், பெண் வீட்டுக்கு ஒரு படம். பெண் வீட்டில் கேமராவுக்கு ஆள் உண்டு, எடிட் செய்யத்தான் தேடுகிறார்கள், மாப்பிள்ளை வீட்டுக்குக் குமார். அன்பரசி வேறு எதுவும் கேட்கவில்லை, சரி என்றாள்.

மெஷினை அவள் தூக்கிக்கொள்ள, மானிட்டரையும் யு.பி.எஸ்.ஸையும் நான் சுமந்துகொண்டு ஆட்டோவில் போனோம். எங்களுக்குக் கொடுத்த அறைக்கு அடுத்த அறைதான் குமாருக்கு. அவர் காரில் இருந்து கண்ணாடிப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துவிட்டு, வேலை எல்லாம் கிடைக்குதா என்று தன் ஆட்களுக்குக் கேட்கிற மாதிரி விசாரித்தார். அவள் கதவைச் சாத்தினாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு மாறியது, மறுபடி போனது, மறுபடி வந்தது. எங்கள் யு.பி.எஸ். கத்திவிட்டு அடங்கியது, மெஷின் அணையவில்லை. அன்பரசி எழுந்துகூடப் பார்க்கவில்லை. பக்கத்து அறையில் மட்டும் சத்தம் கேட்டது. பிறகு நிறைய பேர் பேசும் சத்தம். எஸ்.எம்.பி.எஸ். கருகிய வாடை எங்கள் அறை வரைக்கும் வந்தது. அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அந்த வாடையை மூக்கால் இழுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

குமார் தானே வந்தார், கையில் தப்பித்த டிஸ்க்கோடு. பின்னால் அவருடைய கேமராமேன்கள். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், உன் மெஷினில் முடித்துக் கொடு, கேட்பதைத் தருகிறேன் என்றார். நடந்தது நடந்துவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னார்.

"செங்கம்மாளுக்குப் போன் போடுங்க" என்றாள் அன்பரசி. அண்ணா என்று சொல்லவில்லை. "ஸ்பீக்கர்ல போடுங்க. யார் மெஷின்ல செத்துச்சி, யாரு காப்பி எடுக்கலன்னு சொல்லுங்க. இவங்கல்லாம் கேக்கட்டும்."

இப்போது அதற்கு நேரமா என்றார். நேரம் உங்களுக்குத்தான் இல்லை, என் படம் முடிந்துவிட்டது என்று அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். குமார் தன் ஆட்களைப் பார்த்தார். கடைசியில் போட்டார்.

செங்கம்மாள் எடுத்தாள். குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். என் மெஷின்தான் கெட்டுப்போனது, நான்தான் வேறு காப்பி வைக்கவில்லை, அந்தப் பெண்மேல் தப்பில்லை. பிறகு அந்த அம்மாள் கேட்டாள்: "அப்ப எம் பொண்ணு கல்யாணம் கெட்ச்சிடுச்சா, சார்?"

அதற்காகத்தான் போன் வந்தது என்று நினைத்துவிட்டாள். இல்லம்மா என்றார் குமார். போன் வைக்கப்பட்டது.

அவ்வளவு நாள் காத்திருந்து வாங்கிய அந்த வார்த்தை அன்பரசியின் வாய்க்குள் கசந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவள் கையை நீட்டி டிஸ்க்கை வாங்கினாள். முதலில் காப்பி எடுத்தாள். பிறகு வெட்ட ஆரம்பித்தாள். மாப்பிள்ளையின் அம்மா மகனுக்கு நலங்கு வைக்கிற இடத்தை அவள் வெட்டிய விதத்துக்கு, சாயங்காலம் கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று செய்தாள். குமாரின் ஒவ்வொரு படமும் தங்க எழுத்தில் அவர் பேர் சுற்றிச் சுற்றி வந்துதான் தொடங்கும். அதைப் போடவில்லை. பெண் வீட்டுப் படத்தில் 'படத்தொகுப்பு: அன்பரசி' என்று வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் படத்தில் எவர் பேரும் வரவில்லை. குமார் பந்தியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருடைய கேமராமேன்களே விஷயத்தை ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஆர்டர்கள் அவளிடம் வரத் தொடங்கின. சொந்த ஸ்டூடியோவுக்கு ரூம் பிடிக்க வேண்டும் என்றபோது பஸ் ஸ்டாண்டு பக்கம் நல்ல இடம் ஒன்றை நான் காட்டினேன். அவள் குமார் ஸ்டூடியோவுக்கு நேர் எதிரே, மாடியில், ஜன்னல் அவர் வாசலைப் பார்க்கிற மாதிரி ஒரு ரூமை எடுத்தாள். வாடகை அதிகம், மே மாதத்தில் அடுப்பு மாதிரி சுடும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஒரு நாள் செங்கம்மாள் அந்த மாடிப்படி ஏறி வந்தாள். நான் அங்கே இருந்தேன். அந்தக் கல்யாணத்தன்று உறவுக்காரர்கள் போனில் எடுத்த துண்டு துண்டான வீடியோக்களை ஒரு பென் டிரைவில் சேர்த்துக் கொண்டுவந்திருந்தாள். அன்னைக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் தாயி என்று தொடங்கினாள். அன்பரசி பரவாயில்லை என்று சொல்லவில்லை. "நீங்க பேசனது இன்னும் காதுல கீதுமா. டிரைவ வெச்சிட்டுப் போங்க, செஞ்சித் தரேன்" என்றாள். செய்தும் கொடுத்தாள்.

அந்த அம்மாள் போன பிறகு, இன்னும் எவ்வளவு நாளைக்கு இந்தக் கோபம், குமாரைப் பற்றியாவது மறந்துவிடேன் என்றேன். ஜன்னலுக்கு வெளியே குமார் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தார். மணி அப்போது நாலுகூட ஆகவில்லை.

"எதுக்கு மறக்கணும்?" என்றாள். அவருக்கு மிச்சம் இருப்பது இரண்டு ஸ்கூல் ஆண்டு விழாக்கள்தானாம், அடுத்த வருஷம் அதையும் தன் பக்கம் இழுத்துவிடப் போகிறாளாம். அதற்கு இன்னொரு மெஷின் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன்.