சந்தனம் வைத்த மானிட்டர்

விஜயதசமி அன்று காலையில் கம்ப்யூட்டரின் ஸ்விட்சைப் போட்டேன். உள்ளே விசிறி ஓடியது. பீப் என்று சத்தம் வந்தது. மானிட்டரின் சின்ன விளக்குகூட எரிந்தது. திரை மட்டும் தோசைக்கல் மாதிரி கறுப்பாகவே இருந்தது.

எண்பதுகளின் கடைசி. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மளிகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் அது. கடை, மாடி, இன்ஸ்டிடியூட் மூன்றும் ஒரு முஸ்லிம் பாய்க்குச் சொந்தம். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என்னை அவர்தான் சேலத்துக்கு அனுப்பிக் கம்ப்யூட்டர் படிக்கவைத்து, ஒரு கம்ப்யூட்டரையும் வாங்கிப் போட்டுவிட்டார். நான் அங்கே கற்றது கொஞ்சம். கற்றதாகக் காட்டிக்கொண்டது நிறைய.

அப்பாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. "விஜயதசமிக்குப் பசங்க வந்து சேந்தா வேலைக்குப் போ. இல்லீன்னா வூட்லயே இரு. நல்லம்பள்ளிக்காரங்களுக்கு நான் பதில் சொல்லோணும்" என்று சொல்லியிருந்தார். நல்லம்பள்ளிக்காரர்கள் என்னைப் பெண் கேட்டிருந்தவர்கள். மாப்பிள்ளையின் முகம்கூட எனக்குத் தெரியாது. மருமகளை வேலைக்கு அனுப்பமாட்டார்கள் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒன்பது மணிக்கு நல்ல நேரம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றவர்கள் வருவார்கள், அப்பாவும் வருவார். கறுப்புத் திரையைக் காட்டி யாரைச் சேர்த்துக்கொள்வது?

ப்ளக்கைப் பிடுங்கிச் செருகினேன். ஸ்டெபிலைசரின் முள் சரியாகத்தான் நின்றது. மானிட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் ஒயரைக் கழற்றி, முனையில் இருந்த ஊசி ஏதும் வளைந்திருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப மாட்டி முறுக்கினேன். ஒன்றும் இல்லை. முந்தின நாள் ஆயுத பூஜை. கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைத்தபின் தொடக்கூடாது என்பதால், யாரும் அதைப் போட்டுப் பார்த்திருக்கவில்லை. சாமி கும்பிட்டே அதைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். கற்பூரப் புகை உள்ளே போயிருக்குமோ? துடைத்த ஈரம் இறங்கியிருக்குமோ?

பாய் படியேறி வந்தார். பூஜைக்குப் பூவும் பொரியும் வாங்கித் தந்தவர் அவர்தான்.

"என்னம்மா, படம் வல்லியா?"

"இப்ப வந்துருங்க பாய்."

"மூணு பேரு கீழ வந்து ஒக்காந்திருக்காங்க. மேல அனுப்பட்டுமா?"

"அஞ்சு நிமிசங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியாக ஒரு யோசனை வந்தது. பெட்டி வேலை செய்தால் இந்நேரம் திரையில் தேதியும் நேரமும் கேட்டிருக்கும். பார்க்காமல் அடிப்பதுதானே என் பிழைப்பு? இரண்டு தடவை என்டர் தட்டினேன். பிறகு, ஃப்ளாப்பியில் என்னென்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லும் D, I, R என்ற எழுத்துகளைக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே அடித்து மறுபடி தட்டினேன். ஃப்ளாப்பி விளக்கு எரிந்தது. கர்ர் என்று சுழன்றது. பெட்டி உயிரோடு இருக்கிறது, எனக்குப் பதில்கூடச் சொல்கிறது, அந்தப் பதில்தான் கண்ணுக்குத் தெரியவில்லை. அழுகையே வந்துவிட்டது.

மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். வலது பக்கத்தில் காய்ந்துபோன சந்தனம், அப்பிய மாதிரி. அதற்கு அடியில், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சக்கரம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சக்கரம். நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிவிட்டுக் கட்டைவிரலால் கீழே உருட்டினேன். பச்சை எழுத்துகள் மெதுவாக மேலெழுந்து வந்தன. நான் குருடாக அடித்த DIR, அதற்குக் கீழே ஃப்ளாப்பியில் இருந்த பெயர்கள், எல்லாம்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக அப்பா வந்திருந்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்தவரை, "கண்ணாடி மேல வேண்டாம்ப்பா" என்று நான்தான் தடுத்தேன். அவர் பக்கவாட்டில் போய், டிராக்டருக்கு வைக்கிற மாதிரி விரலை அழுத்தி மேலே இழுத்து வைத்தார். சக்கரமும் கூடவே உருண்டு கடைசிக்குப் போய்விட்டது. வேலையை விடச் சொன்ன மனுசன் பொட்டை மட்டும் அவ்வளவு அழுத்தி வைத்திருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு ஆட்கள் மேலே வந்தார்கள். அப்பா கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அடித்துத் திரையில் காட்டினேன். பெற்றவர்கள் எட்டிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துவிட்டுப் போனார்கள். கூட்டம் கலைந்ததும் அப்பா எழுந்து மானிட்டரின் பக்கவாட்டில் போய் நின்றார்.

"ஏம்மா, நான் வெச்ச பொட்ட அழிச்சிட்டியா?"

கிண்ணத்தில் மிச்சம் இருந்த சந்தனத்தில் தண்ணீர் தெளித்துக் குழைத்து அவரிடம் நீட்டினேன். அவர் கையைப் பிடித்து மானிட்டரின் உச்சிக்குக் கொண்டுபோனேன்.

"இங்க வைங்கப்பா" என்றேன். "நாளைக்கும் நான் வரோணுமில்ல."

அவர் விரலைச் சந்தனத்தில் தோய்த்தார். இந்தத் தடவையும் அழுத்தித்தான் வைத்தார்.