பொய் சொல்லாத டைப்

ஆரணியில் நான் வேலை பார்க்கும் பட்டுக்கடையில் இன்று மதியம் எல்லோரும் போனில் குணம் சொல்லும் டெஸ்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். எனக்கு 'லாஜிக், ஒழுங்கு, கொள்கை' டைப் வந்தது.

சாயங்காலம் போளூரிலிருந்து ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். மேனேஜர் பவர்லூம் புடவையை விரித்துப் போட்டு, "சுத்தமான கைத்தறிம்மா" என்றார்.

"இல்லைங்க, அது பவர்லூம்" என்றேன் நான்.

அந்த அம்மா எழுந்து போய்விட்டார்.

மேனேஜர் என்மேல் பாய்ந்தார். "வியாபாரம் நடந்துகினு இருக்கசொல்ல பேஜார் பண்றியே. உன் டைப்பே அதான்னு போன்லயே வந்துச்சே."

பொய்யைப் பொய் என்று சொல்வது குணக்கோளாறாம். பற்றிக்கொண்டு வருகிறது.

அவருக்கு வந்த டைப், 'எல்லோரையும் அனுசரித்துப் போகிறவர்'.

உங்களில் யாருக்காவது இந்த மாதிரி டெஸ்டில் 'பொய்யர்' என்று வந்ததா?