இஞ்சினுக்கு நல்ல தண்ணீர்

அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில், பஸ்ஸைத் தவறவிட்ட என்னை அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குத் தன் காரில் ஏற்றிக்கொண்டார் ஒருவர். சலவைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. யாரோடு பேசினாலும் ஒரு காதை இஞ்சின் பக்கம் சாய்த்தே வைத்திருப்பார்.

காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் பூட்டிய கார் அது. வேகமெடுத்தால் சூட்டில் இஞ்சினுக்குள் டக்டக்கென்று தட்டுமாம். அதைத் தடுக்கத் தண்ணீரும் ஸ்பிரிட்டும் கலந்து உள்ளே பீய்ச்ச ஒரு டப்பா வைத்திருந்தார். பாதி வழியில் அது காலியானது.

சாலையோர வீட்டில் ஓர் அம்மாளிடம் வண்டிக்குத் தண்ணீர் கேட்டார். வண்டிக்குத்தானே என்று அந்த அம்மாள் உப்புக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்தார். இவர் அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் கேட்டார். தாகம்போல என்று நினைத்து, குடத்தடியில் மிச்சமிருந்ததைச் சொம்பில் சாய்த்துக்கொண்டு வந்தார் அந்த அம்மாள். இவர் அதை அப்படியே டப்பாவில் ஊற்றினார்.

"ஏய்யா, குடிக்கன்னுல்ல குடுத்தேன்?"

"உப்புத் தண்ணி ஊத்துனா இஞ்சின் பாழாயிடும்மா."

"இன்னைக்கு எம் புள்ளைக அந்த உப்புத் தண்ணியத்தான்யா குடிக்கணும்."

இவர் காரைக் கிளப்பிக் காதைச் சாய்த்தார். "இப்ப சத்தம் சுத்தமா இருக்கு, கேளுங்க" என்றார் என்னிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கி நடந்தேன். இஞ்சினுக்குள் விழும் ஒரு தட்டலைக்கூடப் பிரித்தறிந்த அந்தக் காதில், எதிரே நின்று அந்த அம்மாள் சொன்னது எப்படி விழாமல் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.