பெயரில்லாதவருக்கு ஐ.சி. இல்லை

சம்பளம் கிடையாது, இருக்கிற ஒரு ஓய்வு நாளும் போய்விடும், கடைசியில் மூன்று பேரிடம் ஏச்சும் வாங்க வேண்டும். இத்தனைக்கும் ஆசைப்பட்டு ஒருவன் செய்கிற தொழில் உண்டென்றால் அது கற்பனை ஆட்டம் நடத்துவதுதான். இதில் மாட்டிக்கொண்டவர்கள் எங்கெங்கோ இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் ஓரமாக நின்று சிரித்துவிட்டுப் போகலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மலேசியாவில் லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. அதாவது வேலைக்கு வந்தவர்களுக்கு ஆபீசில் பேர் போடுகிற குமாஸ்தா. சிங்கப்பூரில் வேலை பார்த்த என் சித்தப்பா மகன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று, இருபது முகம் உள்ள பகடைக்கட்டை ஒன்று. ஆட்டம் இதுதான்: ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதைக்குள் புகுந்து, “நான் இதைச் செய்யுறேன்” என்பார்கள். அது நடக்குமா நடக்காதா என்று கட்டை சொல்லும்.

எனக்குக் கிடைத்தது மூன்று பேர். டிராக்டர் ஓட்டும் மாரி, கதையில் மந்திரவாதி. தோட்டத்துத் தொழிற்சங்கச் செயலாளர் சுப்பு அண்ணன், போர்வீரன். மருந்தடிக்கப் போகும் பாக்கியம் அக்கா, பூசாரி. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற ஆயாக்கொட்டகை ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும். அங்கேதான் ஆட்டம். பெஞ்சு எல்லாம் முழங்கால் உயரம்கூட இருக்காது. போர்வீரன் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும்.

மந்திரவாதிக்குச் சக்தி கொடுக்க வேற்றுலகத்துப் புரவலர் ஒருவர் வேண்டும் என்று புத்தகத்தில் விதி. அவர் யாரென்று தெரியாது, என்ன நினைக்கிறார் என்று புரியாது, நினைத்தாலே பயம் வர வேண்டும். அந்த ஒருவரை உருவாக்கத்தான் மூன்று வருஷம் பாடுபட்டேன். தோட்டத்தில் சின்னக் கிராணியைக் கண்டால் கோழிகூட ஒதுங்காது. என் வாயிலிருந்து வருவதைக் கேட்டு ஒரு மனுஷனாவது பயப்பட வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

*ஐ.சி.*

முதல் நாள், சன்னலைச் சாத்திவிட்டுக் குரலை இறக்கிச் சொன்னேன். “அவருக்குப் பெயர் இல்லை. உருவம் இல்லை. பிறப்பும் இல்லை.” அதோடு நிறுத்தினேன். ஒரு வாரம் கண்ணாடி முன்னால் பழகிய நிறுத்தம் அது.

“எந்தப் பக்கத்து ஆளு?” என்றான் மாரி. வேற்றுலகம் என்றேன். “அதான், ரெம்பாவ் பக்கமா?” என்றான். பாக்கியம் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாவம், பெத்தவங்க பதியாம விட்டுட்டாங்க போல. எங்க ஓர்ப்படி மகளும் இப்படித்தான் அலையுது” என்றார். பயப்படுங்கள் என்று கெஞ்சாத குறை. சுப்பு அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். ஐ.சி. என்கிற அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பப் பாரம் எழுதிக் கொடுப்பவர் அவர்தான்.

“பேரும் இல்ல, பொறப்புப் பத்திரமும் இல்ல, அப்புறம் ஐ.சி. எப்படிக் கிடைக்கும்? திங்கக்கிழமை அவர சிரம்பானுக்குக் கூட்டிட்டு வாங்க கிராணி, பாரம் நான் எழுதித் தாரேன்.”

*டின்*

பெயர்தான் போயிற்று, குரலையாவது பிடிப்போம் என்று கொட்டகையில் கிடந்த காலிப் பால்மாவு டின்னை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். அலமாரிக்குப் பின்னால் நின்று, “மாரீ… உன் உயிரின் நிழலை எனக்குத் தா” என்று அடிவயிற்றிலிருந்து முழங்கினேன். டின்னின் அடியில் மிச்சம் இருந்த மாவு தொண்டையில் ஏறிவிட்டது. வேற்றுலகப் பெருஞ்சக்தி கால் மணி நேரம் இருமியது.

பாக்கியம் அக்கா வீட்டுக்கு ஓடிப்போய் சுக்குத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு என்று நினைத்துக் கை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டு, டம்ளரை அலமாரி மேல் வைத்துக் கும்பிட்டார்.

“முதல்ல அவரு குடிக்கட்டும் தம்பி, கெட்ட நேரத்துல வெளிய வந்துட்டாரு, நம்ம உலகத்துக் காத்து ஒத்துக்கல போல.”

*கோரிக்கை மனு*

சரி, கொடுமைக்காரராக ஆக்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெயரில்லாதவர் மூன்று பேரையும் குகைக்குள் போகச் சொல்லி உத்தரவு போட்டார். மறுத்தால் சாபம். சுப்பு அண்ணன், “ஒரு நிமிஷம்லா” என்று மடித்து வைத்திருந்த தாளை விரித்தார். பதினோரு கோரிக்கை. குகை வேலைக்குப் பூட்ஸ், மழை நாளில் அரைநாள், சாபம் விடுவதற்கு முன் எழுத்து மூலம் எச்சரிக்கை, பேயிடம் அடிபட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் இலவச வைத்தியம். அதை ஆபீஸ் தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு நகல் அடித்துக் கொடுத்தவன் நான்தான். அந்தக் கண்றாவியை யாரிடம் சொல்லி அழுவது!

வேற்றுலகப் புரவலர் எந்த ஊரில் கோரிக்கைக்கு மசிவார்? முடியாது என்றேன். அவ்வளவுதான், வேலைநிறுத்தம். இரண்டு ஞாயிறு மூன்று பேரும் குகை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் கதை நடத்துபவன் ஆயிற்றே, “இப்போதும் உட்கார்ந்திருக்கிறீர்கள்… வெயில் ஏறுகிறது… இன்னமும் உட்கார்ந்திருக்கிறீர்கள்…” என்று மத்தியானம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு பெயரில்லாதவர் பதினொன்றில் ஒன்பதுக்கு இறங்கி வந்தார். சுப்பு அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“நம்ம மேனேஜர் துரையவிட இந்த ஆளு எவ்வளவோ மேல் கிராணி, வாயைத் திறந்து பேசுறாரு.”

*படம்*

இங்கேதான் நான் ஒரு சோம்பேறித்தனம் செய்தேன். கதை நடக்கும் காட்டுக்குப் படம் வேண்டும். எனக்கு வரைய வராது. ஆபீஸ் சுவரில் தொங்கிய தோட்டத்துப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து அப்படியே நகல் எடுத்து, எட்டாம் நம்பர் காட்டுக்கு “சாவுக்காடு” என்றும், நீலாய்ப் பக்கத்து எல்லையில் ஓடும் ஆற்றுக்குக் “கருநதி” என்றும் பெயர் எழுதிவிட்டேன். பார்த்ததும் மாரி ஆற்றின் மேல் விரலை வைத்தான். “இந்த வளைவுலதானே போன மழைக்கு என் டிராக்டர் மாட்டுச்சு?” என்றான். நான் அவன் விரலை நகர்த்திவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன்.

அன்றைக்குத்தான் பெயரில்லாதவர் சக்திக்கு விலை கேட்டார். ஒரு வாக்கு. உன்னைத் தவிர வேறு எந்த எஜமானிடமும் கருநதியைத் தாண்டி வேலைக்குப் போக மாட்டேன் என்று மந்திரவாதி சொல்ல வேண்டும். பாக்கியம் அக்கா சும்மா வாயால் சொல்ல விடவில்லை. சூடம் ஏற்றினார். அவித்த முட்டை, சுருட்டு, எலுமிச்சம்பழம் எல்லாம் அலமாரி மேல் ஏறின. மாரி சூடத்தின் மேல் கையை வைத்து அடித்துச் சொன்னான். ஆட்டத்துக்கு இவ்வளவா என்று நான் கேட்டதற்கு அக்கா என்னை முறைத்தார்.

“ஆட்டம் பொய்யா இருக்கலாம் தம்பி, சூடம் உண்மையான சூடம்.”

*இருபது*

அதற்கப்புறம் மாரி கட்டையை எடுத்தால் இருபதுதான். அடுத்தடுத்து மூன்று தடவை விழுந்தது. அந்த வாரமே, நாலு பேர் தள்ளினாலும் உறுமாத அவன் டிராக்டர் ஒரே திருகில் கிளம்பிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆயாக்கொட்டகை வாசலில் அவன் சுருட்டு வைத்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன். குழந்தைகளைப் பார்க்கும் ஆயா ஆபீசுக்கே வந்து கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“பிள்ளைங்க தூங்குற எடத்துல யாரைக் குடி வச்சிருக்கீங்க, அத மட்டும் சொல்லுங்க.”

*அவரிடம் கேட்டுச் சொல்லுங்க*

ஒரு புதன்கிழமை மாரி ஆபீசுக்கு வந்தான். சட்டையை உள்ளே விட்டிருந்தான், அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நீலாயில் புதிதாக வந்த தொழிற்சாலையில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. தோட்டத்தில் பாதியை வீடு கட்ட விற்றாகிவிட்டது, டிராக்டருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். திங்கட்கிழமை காலையில் அவன் போய் நிற்காவிட்டால் வேலை இன்னொருவனுக்கு. நான் கை குலுக்கப் போனேன். அவன் கையைக் கொடுக்கவில்லை.

“வாக்குக் கொடுத்திருக்கேனே” என்றான். “ஆத்தைத் தாண்டி வேற முதலாளிகிட்டப் போக மாட்டேன்னு. பாக்கியம் அக்காவும் சொல்லிருச்சு, விடுதலை வாங்காமப் போகக்கூடாதுன்னு. அவருகிட்டக் கேட்டுச் சொல்லுங்க சின்னக் கிராணி.” எனக்கு வந்ததே கோபம்! “ஏய்யா, உனக்கென்ன கிறுக்கா? அந்த ஆத்தை நான்தானே சுவர்ல பார்த்து வரைஞ்சேன்? அவரும் நான்தான்யா!” என்று கத்தினேன். பெரிய கிராணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மாரி அசையவில்லை.

“அது எனக்குத் தெரியும் சின்னக் கிராணி, அதனாலதான் உங்ககிட்டக் கேக்குறேன்.”

*கருநதி*

இப்போது ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும், என்னை ஏசாதீர்கள். அந்தத் தொழிற்சாலையில் ஞாயிறும் வேலை. மாரி போனால் மந்திரவாதி இல்லை, மந்திரவாதி போனால் ஆட்டம் இல்லை. மூன்று வருஷம் கழித்து ஒரு மனுஷன் என் ஆளுக்குப் பயப்படுகிறான். “முடியாது” என்று ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுவான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அந்த வார்த்தையை நான் நினைத்துப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். அக்கா வெற்றிலை பாக்கு வைத்தார். சுப்பு அண்ணன், போகிற ஆளுக்கு நற்சான்றுக் கடிதம் தந்தே தீர வேண்டும் என்றார். விதிப்படி புரவலரின் மனசைக் கட்டைதான் சொல்லும். பதினைந்துக்கு மேல் விழுந்தால் விடுதலை, கீழே விழுந்தால் கிடையாது. மூன்று பேருக்கும் அது தெரியும். பேர் போடும் ரெஜிஸ்டரைத் தடுப்பாக நிமிர்த்தி வைத்து, அதன் மறைவில் கட்டையைப் போட்டேன். மூன்று.

“பதினெட்டு” என்றேன். டின்னை எடுத்தேன். “போ மாரி. ஆத்தைத் தாண்டு. கணக்கு நேர்” என்றேன். குரல் எங்கிருந்தோ வருவதைப் போல வந்தது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் சுக்குத்தண்ணி கொண்டுவரவில்லை. அக்கா விழுந்து கும்பிட்டார். வேண்டிய நாளெல்லாம் வராத குரல், வேலையை விட்டுப் போகச் சொல்லும்போதுதானா வர வேண்டும்!

அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். மாரி சொல் தவறாதவன், ஆபத்தில் ஓடாதவன் என்று எழுதி, கீழே பெயருக்கு இடம் விட்டுக் கையெழுத்து மட்டும் போட்டேன். மற்ற இருவரும் போன பிறகு மாரி பெஞ்சுகளை அடுக்கினான். ரெஜிஸ்டரையும் எடுத்தான். மறைவில் கட்டை அப்படியே மூன்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது, நான் எடுத்து வைக்க மறந்துவிட்டேன். மாரி அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். விரலால் பதினெட்டைத் தேடிப் பிடித்துத் திருப்பி வைத்தான். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“பேரும் இல்ல, ஐ.சி.யும் இல்ல, எண்ணவும் தெரியல… ஆனா நான் பார்த்ததுல நல்ல முதலாளி அவருதான் சின்னக் கிராணி.”

ஊரையே நடுங்க வைக்க மூன்று வருஷம் மண்டையைப் பிய்த்துக்கொண்டு நான் உருவாக்கிய வேற்றுலகப் பெருஞ்சக்தி, ஒரு டிராக்டர் டிரைவருக்கு நற்சான்று கொடுத்துவிட்டு, அன்றைக்கு வைத்த வெற்றிலை வாடுவதற்குள் தானும் வேலையை விட்டுவிட்டது.