ராகு காலத்தில் ஆறிப்போன கட்டலிசாடோர்

அன்று பெர்ன் வாகனப் பரிசோதனை நிலையத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் மனைவி, ஆராவ் நகரில் ஒரு கராஜில் வேலை செய்யும் அவளுடைய தம்பி, எங்கள் காரைச் சோதித்த சுவிஸ்காரர். ஐந்தாவதாக ராகு காலத்தையும் சேர்க்கலாம். அதை அழைத்துக்கொண்டு போனவன் நான்தான்.

கார் பழையது. எனக்கு விற்றவர், சத்தம் கம்பீரமாக இருக்கட்டும் என்று, புகையைச் சுத்தப்படுத்துகிற கட்டலிசாடோரை வெட்டி எறிந்துவிட்டு வெறும் குழாயைப் பொருத்தியிருந்தார். எட்டாம் வகுப்போடு நின்ற நான், நல்ல பலமான இஞ்சின் என்று நம்பி வாங்கிவிட்டேன். முதல் பரிசோதனையிலேயே பிடித்துக்கொண்டார்கள். திருத்திக்கொண்டு வா, இல்லாவிட்டால் நம்பர் பிளேட்டை ஒப்படைத்துவிடு என்றார்கள். பிளேட் போனால் என் வேலையும் போய்விடும். இன்டர்லாக்கன் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுகிறவன் நான். அந்த விடியாத நேரத்துக்கு நாங்கள் இருக்கும் ஓஸ்டர்முண்டிகனிலிருந்து ரயில் கிடையாது.

மச்சான் தன் காசில் அறுநூற்று எண்பது பிராங்குக்குப் புதுக் கட்டலிசாடோர் வாங்கிப் பொருத்தித் தந்தான். ஊரை எழுப்பிய வண்டி பூனை மாதிரி ஆகிவிட்டது.

"சோதனைக்குப் போகேக்கை நல்லா ஓடிச் சூடாக்கிக்கொண்டு போங்கோ அத்தான்" என்று மட்டும் சொல்லியிருந்தான்.

ஆனால் மறுபரிசோதனை புதன்கிழமை, மதியம் ஒன்றரைக்கு. புதனில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகு காலம். அந்த நேரத்தில் வண்டியை எடுக்க எனக்கு மனம் வருமா? பதினொன்றரைக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

"இஞ்சை சூரியனே எட்டு மணிக்குத்தான் எழும்புது. உங்கடை ராகு மட்டும் யாழ்ப்பாண மணிக்கூட்டைப் பாத்தோ வாறார்?" என்றாள் மனைவி.

"சும்மா இரும். வந்த இடத்திலை வாய் வைக்காதையும்."

"ஹீற்றரையாவது போடுங்கோவன், கால் விறைக்குது."

"நிண்ட இடத்திலை இஞ்சினை ஓடவிட்டால் ஃபைன் அடிப்பாங்கள்."

கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு இடியப்பப் பொட்டலத்தைப் பிரித்தோம். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது.

ஒன்றரைக்குச் சற்று முன் மச்சான் ரயிலில் வந்து சேர்ந்தான். போனெட்டில் கை வைத்துப் பார்த்தான்.

"என்ன அத்தான், ஃபிரிட்ஜுக்குள்ளையோ வைச்சிருந்தனீங்கள்?"

பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். சுவிஸ்காரர் புகைக்குழாய்க்குள் கருவியைச் செருகினார். திரையில் எண்கள் சிவப்பாக ஏறின. கட்டலிசாடோர் வேலை செய்யவில்லை என்று தலையாட்டினார். அந்த ஒரு நிமிடத்தில் வேலை, வீட்டு வாடகை, மகளின் பியானோ வகுப்பு என்று ஒவ்வொன்றாக மனதுக்குள் இழுத்து மூடிவிட்டேன்.

மச்சான் முன்னால் வந்து, அது புதுசு, சூடேறினால்தான் புகையைச் சுத்தப்படுத்தும், வண்டி குளிரில் நின்றுவிட்டது என்று ஜெர்மனில் விளக்கினான்.

"எவ்வளவு நேரம் நின்றது?" என்று அவர் என்னைக் கேட்டார். சொன்னேன். ஏன் அவ்வளவு முன்னதாக வந்தாய் என்றார். ராகுவை ஜெர்மனில் எங்கே தொடங்குவது?

"இவர் எதற்கும் முன்னதாக வந்து நிற்பவர்" என்று மனைவி முந்திக்கொண்டாள்.

சுவிஸ்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல பழக்கம் என்றார். நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு நேரே வாருங்கள், பார்க்கிறேன் என்று அனுப்பினார்.

மச்சான் இஞ்சின் அலற அலற ஓட்டினான். நான் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை.

"அதை விடுங்கோ அத்தான். கழண்டு வந்தால் அதுக்கும் பெயில் போடுவாங்கள்."

திரும்பி வந்ததும் அவர் மறுபடி கருவியைச் செருகியபோது எண்கள் சரசரவென்று இறங்கிப் பச்சையாயின. சுவிஸ்காரர் முத்திரை குத்தித் தந்தார்.

வெளியே வந்ததும் கையிலிருந்த இருநூறு பிராங்கை மச்சானிடம் நீட்டினேன்.

"மிச்சத்தை ஆறுதலாத் தாங்கோ. இனி வேலை இருக்குத்தானே" என்றான்.

மிச்சம் நானூற்று எண்பது பிராங்க்.