சீப்பு நட்ட இருநூறு பொய்க்கொடிகள்

கடற்கரையில் அவருக்குச் சீப்பு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது, அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். பதினோரு வருடமாக, விடிகிற நேரத்தில், டிராக்டருக்குப் பின்னால் இரும்புப் பல் வைத்த வாரியை மாட்டிக்கொண்டு நான்கு கிலோமீட்டர் மணலுக்கும் தலைவாரி விடுவதுதான் அவர் வேலை. காலை நடைக்கு ஆட்கள் வரும்போது கடற்கரை பள்ளிக்கூடப் போட்டோவுக்கு நிற்கிற பையன் மாதிரி பளிச்சென்று இருக்கும். சாயங்காலத்துக்குள் அந்தப் பையன் சேற்றில் புரண்டுவிட்டு வந்து நிற்பான். மறுநாள் சீப்பு மறுபடியும் வாருவார்.

வாரிக்கு மேலே ஒரு சல்லடை. அதில் விழாத பொருள் இல்லை. பாட்டில், ஒற்றைச் செருப்பு, பாதிக் குடை, பிழை மலிந்த காதல் கடிதம். ஒரு நாள் பல்செட் விழுந்தது, மேல்வரிசை மட்டும். வேறு ஆளாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பார். சீப்புக்கோ, யாரோ ஒருவர் எங்கேயோ தட்டுக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. தாளில் சுற்றிக்கொண்டு கடைத்தெருவில் இருந்த பல் டாக்டரம்மாவிடம் போனார்.

"இது யாரோடதுன்னு சொல்ல முடியுமா டாக்டரம்மா?"

"மோந்து பார்த்துச் சொல்ல நான் என்ன போலீஸ் நாயா? அங்க வைங்க, கேட்டுப் பாக்கறேன். வந்தது வந்தீங்க, நாற்காலியில சாயுங்க. உங்க வாயையும் பார்த்துடுவோம்."

சாய்ந்தார். அண்ணாந்து பார்த்தால் கூரையெல்லாம் பறவைப் படம். வாயைத் திறந்து கிடக்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லையே என்று டாக்டரம்மா ஒட்டி வைத்தவை. சீப்பு வாயில் இருந்த குழாயோடு விரலை நீட்டினார். "ஆ... ஈ... ஆங்."

குழாயை எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. "இவங்கல்லாம் நம்ம பீச்சுல இருக்கற ஆளுங்க. இந்தக் குட்டையன் முப்பது பேர் வருவான். இந்த நீட்ட மூக்கன் ரெண்டே பேரு, சண்டை போட்டுக்கிட்டே இருப்பாங்க."

டாக்டரம்மா ஊசியை அப்படியே கீழே வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் கடலோரப் பறவைகளை எண்ணுகிற சிறு கூட்டத்துக்கு அவர்தான் செயலாளர். கழுத்து ஒடியும் அளவுக்குப் பெரிய தொலைநோக்கிகளோடு அவர்கள் நடந்து போனால், பறவைகள் நூறு அடி முன்னாலேயே கிளம்பிவிடும். டிராக்டருக்கு எவனும் எழுந்திருக்க மாட்டான். நடந்து வருகிற மனுஷனைக் கண்டால்தான் அவற்றுக்குப் பயம், சத்தம் போடுகிற இரும்பைக் கண்டால் இல்லை. அன்றிலிருந்து சீப்பு எண்ணத் தொடங்கினார். உள்ளான் இத்தனை, உப்புக்கொத்தி இத்தனை, ஆலா இத்தனை என்று சக்கர மூடியில் சாக்பீஸால் கோடு போட்டு, வாரக் கடைசியில் கிளினிக்கில் ஒப்பித்துவிட்டு வருவார். கூட்டத்தில் அவரைவிட நன்றாக எண்ணுகிறவர் இல்லை. தொலைநோக்கிக்காரர்கள் இதை மென்று முழுங்கச் சில மாதம் ஆயிற்று.

எண்ணுகிறவனுக்குக் கண் திறக்கும், அதுதான் வம்பு. வெயில் ஏறத் தொடங்கிய மாதம் ஒரு காலை, கழிமுகத்துப் பக்கம், எழுபத்தேழாம் விளக்குக் கம்பத்தைத் தாண்டும்போது ஒரு சிறு ஆலா அவர் தலைக்கு நேராகப் பாய்ந்தது. உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, கறுப்புத் தொப்பி, மஞ்சள் மூக்கு. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டியது. இரண்டாவது வந்தது, மூன்றாவதும் வந்தது. சீப்பு வண்டியை நிறுத்தி இறங்கினார். வாரியின் பற்களில் மணலோடு மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தார். முட்டை.

பக்கத்திலேயே, வாரி படாமல் தப்பிய, குழி என்று சொல்லவும் முடியாத சிறு பள்ளம். அதில் கூழாங்கல் மாதிரி புள்ளி போட்ட இரண்டு முட்டை. அந்தப் பறவைகளுக்குக் கூடு என்பதே அவ்வளவுதான். கழிமுகத்தை ஒட்டிய இந்த இருநூறு மீட்டர் மணலைத்தான் பதினோரு வருடமாக ஒரு நாள் விடாமல் வாரியிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மாடியில் இரண்டு அறை வீடு. சன்னல் ஓரத்தில் அவர் மனைவியின் தையல் மெஷின்.

"யாரு என்ன சொன்னாங்க?" என்றாள் மெஷினை நிறுத்தாமலே.

"பறவை திட்டுச்சு."

"நான் திட்டினா மட்டும் தூங்கிடுவீங்க."

அவர் சொல்லி முடித்தபோது மெஷின் நின்றிருந்தது. "இனிமே ஒண்ணு உடையக்கூடாது. அதுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க" என்றாள்.

வேண்டியது சிவப்புத் துணி என்று அவர் நினைத்தார். அங்கேதான் சறுக்கினார். வாரிக்குத் தப்பியதும் புதிதாக வைத்ததுமாக அங்கே தேடிக் கண்டுபிடித்த பத்தொன்பது கூடுகளுக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு, வெட்டுத்துணியில் கொடி கட்டினார். கொடியைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். நடக்கிறவர்களும் ஒதுங்குவார்கள். நல்ல திட்டம். டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பிறகு காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் ஒரு காகம் முதல் குச்சியில் வந்து உட்கார்ந்தது. கீழே குனிந்து பார்த்தது. இறங்கி, சாப்பிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கொடிக்குப் போனது. அங்கிருந்து அடுத்ததற்கு. சொந்தக்காரர்களையும் கூட்டி வந்திருந்தது. சீப்பு டிராக்டரை விட்டு இறங்கி, கையை வீசிக்கொண்டு ஓடிச் சேர்வதற்குள் பந்தி முடிந்திருந்தது. பத்தொன்பதும் போயிற்று. ஓட்டலுக்குப் பெயர்ப்பலகை மாட்டியதே அவர்தான்.

டாக்டரம்மா காது சிவக்கத் திட்டினார். "காக்காவுக்கு எண்ணத் தெரியும், அடையாளம் வச்சுக்கத் தெரியும். ஒரு கொடி, ஒரு சாப்பாடு. ரெண்டே தடவையில பாடம் படிச்சிடும். உங்களுக்குத்தான் ஒரு தடவை கேக்கத் தெரியல."

"இனி?"

"பத்து நாள்ல மறுபடி முட்டை வைக்கும். அப்புறம் மூணு வாரம் அடைகாக்கும். இந்த வருஷத்துக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அதுவும் போச்சுன்னா, அடுத்த வருஷம் இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது."

அன்றைக்கே இன்னொரு இடி. சீப்பின் மேற்பார்வையாளர் எப்போதும் கக்கத்தில் ஒரு கோப்போடு நடக்கிறவர். அவர் வந்து, கழிமுகத்துப் பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கிறதாம், ஒன்றாம் தேதி மண் நிரவும் இயந்திரம் வருகிறது என்றார். ஒன்றாம் தேதிக்கு முப்பத்து நான்கு நாள் இருந்தது.

"சார், அங்க ஆலா கூடு வைக்குது."

"எங்கய்யா கூடு? காட்டு."

காட்ட ஒன்றும் இல்லை. பத்தொன்பது குச்சிதான் நின்றது.

"குச்சியக் காட்டி மேல எழுத முடியாதுய்யா. ஒரு குஞ்சு காட்டு, எழுதறேன். அதுவரைக்கும் அங்க போறப்ப வாரிய மட்டும் மேல தூக்கிக்கோ, அது என் பொறுப்பு. ஒண்ணாம் தேதின்னா ஒண்ணாம் தேதிதான்."

சீப்பு விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். பத்தும் இருபத்தொன்றும் முப்பத்தொன்று. கையில் மூன்று நாள் மிச்சம். எதிரே காகக் கூட்டம். ஆனாலும் அவர் விடுவதாக இல்லை.

யோசனை கொடுத்தது மனைவிதான். "உங்க காக்கா கொடியத்தானே தேடுது? தேடட்டும். காலு வலிக்கிற வரைக்கும் தேடட்டும்."

இரண்டே நாளில் இருநூறு கொடி வெட்டினாள். சீப்பு நான்கு கிலோமீட்டருக்கும் நட்டார். ஆலா கூடு வைக்கிற இடத்தில் மட்டும் ஒன்றுகூட இல்லை, பழைய பத்தொன்பது குச்சியையும் பிடுங்கிவிட்டார். ஒவ்வொரு கொடிக்குக் கீழேயும் அக்கறையாக ஒரு பள்ளம் தோண்டி, புள்ளிக் கூழாங்கல் இரண்டு வைத்தார். இது தேவையே இல்லை. ஆனால் அந்தப் பத்தொன்பதுக்காக அவருக்கு ஒரு கோபம் இருந்தது.

காலை நடைக்காரர்கள் திகைத்துப் போனார்கள். கண்ணிவெடி என்றார் ஒருவர். கட்சிக் கூட்டம் என்றார் இன்னொருவர். மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

"என்னய்யா இது, கல்யாண மண்டபமா?"

"ஆராய்ச்சி சார்."

"உனக்கு எதுக்குய்யா ஆராய்ச்சி?"

"எனக்கு இல்ல சார், காக்காவுக்கு."

எழுத்துமூலம் விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. சீப்பு அதை மடித்து இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தாளுக்குப் பதில் எழுதுவதற்கு முன் காகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் நாள் காகங்கள் உற்சாகமாகக் கொடிக்குக் கொடி தாவின. கல்லைக் கொத்தின. ஒன்று கல்லை விழுங்கப் பார்த்துத் துப்பியது, சீப்பு வண்டியில் உட்கார்ந்தபடி தொடையில் தட்டிச் சிரித்தார். மூன்றாம் நாள் ஒரு கோபக்காரக் காகம் கொடிகளைப் பிடுங்கிப் போட்டது, சீப்பு மறுபடி நட்டார். ஏழாம் நாள் கொடிகளைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. காகக் கூட்டம் படகுத்துறையில் மீன் தலைக்குச் சண்டை போடப் போய்விட்டது.

மேற்பார்வையாளர் தேதி சொன்னதிலிருந்து பத்தாம் நாள், முதல் ஆலா மணலில் அமர்ந்தது. இந்த முறை அடையாளமாகக் குச்சியும் கிடையாது, சாக்பீஸ் கோடும் கிடையாது. முன்சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்து, கம்பத்திலிருந்து சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று மனதில் வைத்துக்கொண்டார். எழுபத்தெட்டிலிருந்து மூன்று சுற்று, கடல் பக்கம், கறுப்புச் சிப்பிக்கு இந்தப் புறம் ஒன்று. ஐந்து சுற்றில் பாசிக்கட்டைக்குப் பின்னால் ஒன்று. இப்படிப் பதினான்கு. பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுளைக்கூட முழுதாக மனப்பாடம் செய்யாதவர், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்தப் பதினான்கையும் சொன்னார். மனைவி எழுப்பிக் கேட்டும் பார்த்தாள்.

ஒரு பேரலை மூன்றைக் கொண்டு போயிற்று. ஒரு தெருநாய் இரண்டை முடித்தது. மறுநாள் சீப்பு நாய் வருகிற ஓடைப் பாதையில் பழைய வலையைக் கட்டி அடைத்தார். ஒன்பது மிஞ்சியது.

முப்பத்திரண்டாம் நாள் காலை, சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே, மண் நிரவும் இயந்திரம் உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தது வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி. மணலில் இறங்கச் சரிவுப்பாதை ஒன்றுதான். சீப்பு தன் டிராக்டரை அதன் குறுக்கே நிறுத்தி, பேட்டரி வயரை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மாமா, வண்டிய ஓரம் கட்டுங்க."

"ஸ்டார்ட் ஆகல மாப்ள."

"உங்க பையில வயர் தொங்குது மாமா."

"அது வேற வயர்."

"அக்காகிட்ட சொல்லிடுவேன்."

"சொல்லு. கொடி வெட்டிக் கொடுத்ததே உங்க அக்காதான். வேலைக்குக் குறுக்க நின்னது நீன்னு தெரிஞ்சா உனக்கு அந்த வீட்ல தண்ணி கூடக் கிடைக்காது."

மச்சான் எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி உட்கார்ந்தான். அக்காவை அவனுக்குத் தெரியும்.

மேற்பார்வையாளர் வந்த வேகத்தில் கோப்பிலிருந்து தாள்கள் பறந்தன. "ரெண்டு நாள் முன்னாடி முடிக்கச் சொல்லி மேலேர்ந்து உத்தரவு. வண்டிய நகத்தறியா, வேலைய விட்டு நீ நகர்றியா?"

சீப்பு டிராக்டரிலிருந்து இறங்கினார். "குஞ்சு காட்டுனா எழுதறேன்னு சொன்னீங்க சார். வாங்க. என் கால் தடத்துலயே கால வைங்க."

எழுபத்தெட்டிலிருந்து எண்ணிக்கொண்டே போனார். ஆலாக்கள் தலைக்கு மேலே திரண்டு கத்தின. மேற்பார்வையாளர் கோப்பைத் தலைக்குக் குடையாகப் பிடித்தார், அதன் மேல் வெள்ளையாக ஒன்று விழுந்தது. "எங்கய்யா? மணல்தானே இருக்கு?" என்று அவர் கால் மாற்றப் போனார்.

"அசையாதீங்க சார்!"

அசையவில்லை. மணலில் ஒரு துளி மணல் எழுந்தது. இரண்டு அடி ஓடியது. கட்டைவிரல் பருமன், நேற்று பிறந்தது. வெயிலுக்கு நிழல் தேடி, நேராக வந்து மேற்பார்வையாளரின் வலது ஷூவோடு ஒட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

மேற்பார்வையாளருக்கு மூச்சு நின்றுவிட்டது. "யோவ்... இது என் கால்லயா இருக்கு?"

"ஆமா சார்."

"நான் இப்ப என்னய்யா பண்றது?"

"நில்லுங்க சார். அம்மாக்காரி கூப்பிட்டா போயிடும்."

அவள் கூப்பிட்டபாடில்லை. மேற்பார்வையாளர் நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது, அது குஞ்சின் மேல் விழாமல் இருக்கத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். அப்படி நின்றபடியே கைபேசியை எடுத்து, கிசுகிசு குரலில் மேலதிகாரியிடம் பேசினார். "சார், நிரவ முடியாது சார். இல்ல சார், சத்தமாப் பேச முடியாது. தூங்குது சார்... குஞ்சு சார்... என் கால்ல சார்."

வந்த உத்தரவு ஒன்றும் அள்ளிக் கொடுத்துவிடவில்லை. எழுபத்தேழிலிருந்து எண்பதுவரை, குஞ்சுகள் பறக்கும் மட்டும் இயந்திரம் போகாது. ஆனால் குப்பை என்று ஒரு புகார் வந்தால் உத்தரவு ரத்து. பாதையை மறித்ததற்காகச் சீப்பின் பெயரில் இன்னொரு தாளும் வந்தது. அடுத்த வருடத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சீப்பு இரண்டு தாளுக்கும் டாக்டரம்மாவை வைத்துப் பதில் எழுதினார். அடுத்த வருடத்துக்கான விண்ணப்பத்தையும் அன்றே எழுதி, ஒன்பது கூட்டின் கணக்கோடு அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை குத்துகிறவரை சன்னலை விட்டு நகரவில்லை. சாப்பாட்டு நேரம் என்றார்கள். எனக்குப் பசிக்கவில்லை என்றார்.

இப்போது எழுபத்தேழாம் கம்பம் வந்ததும் வண்டி நிற்கிறது. வாரி போகாத இடத்துக் குப்பையைக் கையால்தான் எடுக்க வேண்டும். பறவைகள் கூட்டை விட்டு அதிக நேரம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா கால்மணி நேரம்தான் கொடுத்திருக்கிறார், அதுவும் ஓரமாக. சீப்பு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து, பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிறார். நன்றி சொல்ல அங்கே ஒருவருமில்லை. தொப்பிக்காரிகள் உச்சந்தலையைக் குறி வைத்துப் பாய்கிறார்கள், திட்டுகிறார்கள், முதுகில் எச்சம் போடுகிறார்கள்.

"கத்துடி, கத்து" என்கிறார் அவர், ஒரு பாட்டில் மூடியைப் பொறுக்கியபடி. "இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருக்கு."